தலை வைக்காத தலையணை

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் இப்போதெல்லாம் பேச்சு தலையணையில்தான் போய் நிற்கிறது. ஒருத்தருக்கு டாக்டர் தலையணையே கூடாது என்று சொல்லிவிட்டார். இன்னொருத்தருக்கு மகள் வெளிநாட்டிலிருந்து நடுவில் பள்ளம் விழுந்த ஒன்றை அனுப்பியிருக்கிறாள். அதில் தலை எந்தப் பக்கம், கழுத்து எந்தப் பக்கம் என்று அவர் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. எனக்கு இலவம்பஞ்சுதான், மெல்லியதாக ஒன்று. ஆனால் நான் சொல்ல வந்தது படுக்கிற தலையணையைப் பற்றி இல்லை. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் வீட்டில் ஒரு தலையணை செய்தோம். அதில் ஒருநாளும் யாரும் தலை வைத்ததில்லை. வைத்திருந்தால் மண்டை வீங்கியிருக்கும். அதைச் செய்து முடிப்பதற்குள் மூன்று வாரம் வீட்டில் நடந்த கூத்தை உங்களிடம்தான் சொல்ல முடியும். இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் சொன்னால், தலையணையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போனால் என்ன என்று கேட்பார்கள். நமக்குத் தெரியும். கல்யாணமான ஒருத்தி தலையணையோடு படி இறங்கினால் தெருவுக்கு ஒரே அர்த்தம்தான். புருஷனோடு சண்டை, பாய் தலையணையோடு கிளம்பிவிட்டாள், இனி வரமாட்டாள்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஸ்ரீரங்கத்தில் வடக்கு வாசல் பக்கம் ஒரு சந்தில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவுக்குப் பொன்மலையில் ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலை. நீலச் சட்டை, நீல பேண்ட், கையில் மூன்றடுக்கு டிபன் கேரியர். அம்மா ஜீயபுரத்து விவசாயக் குடும்பத்துப் பெண். அப்பாவின் அக்காவும் எங்களோடுதான் இருந்தாள். அத்தைக்குப் பிள்ளைகள் இல்லை. கணவர் போன பிறகு தம்பி வீடே வீடு என்று வந்துவிட்டவள். சந்தில் எந்த வீட்டில் என்ன குழம்பு என்று மோப்பத்திலேயே சொல்லுவாள். அதில் அவளுக்கு ஒருநாளும் தப்பியதில்லை. மனிதர்கள் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும்.

பொங்கல் முடிந்து இரண்டு நாள் கழித்து, மூன்றாவது வீட்டு டீச்சர் ஒரு காகிதம் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தார். சத்திரம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி ஒரு கன்னியர் மடத்தில் பெண்களுக்கு ரேந்தை பின்னக் கற்றுத் தருகிறார்கள் என்று அதில் இருந்தது. ரேந்தை என்றால் லேஸ்தான். மேசை விரிப்பு ஓரத்தில் வெள்ளை வெளேரென்று தொங்குமே, அது. வாரம் மூன்று மத்தியானம் வகுப்பு. மொத்தம் பன்னிரண்டு பேர். பதினோரு பேர் சேர்ந்தாகிவிட்டது, ஒரே ஒரு இடம் பாக்கி என்று டீச்சர் வாயால் சொன்னார். காகிதத்தின் கடைசி வரியில் "ஒவ்வொருவரும் தம் கையால் செய்த வைக்கோல் தலையணையுடன் வரவும்" என்று எழுதியிருந்தது. அந்த ஒரு வரிதான் எல்லா வினைக்கும் காரணம்.

அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். எதைப் படித்தாலும் உதடு அசையும். அந்தக் காகிதத்தை அடுப்படியில் நின்று மூன்று தடவை படித்தாள். சாயங்காலம் அப்பா காபி குடிக்கும்போது அவர் பக்கத்தில் வைத்தாள். அப்பா படிப்பதற்குள் அத்தைக்கு விஷயம் தெரிந்திருந்தது.

"தலகாணியோட வரணுமாமே தம்பி. எதுக்கு? அங்கயே தங்கவா?"

அப்பா முதலில் சிரித்தார். "பின்ற க்ளாஸா, தூங்கற க்ளாஸா?"

"அதுவும் வைக்கோல் தலகாணி. நம்ம பக்கம் வைக்கோல எதுக்கு விரிப்பாங்கன்னு தெரியும்ல? பாடைக்கு. அதுல தலைய வெச்சுப் படுக்கச் சொல்றாங்களே, பாவம், என்ன வேண்டுதலோ."

அத்தை இப்படிச் சொன்னதும் அப்பாவின் சிரிப்பு நின்றுவிட்டது. "இங்க பாரு," என்றார் அம்மாவிடம். "நீ தலகாணியத் தூக்கிக்கிட்டு இந்தச் சந்தத் தாண்டினா, பஸ் ஏறதுக்குள்ள சேதி ஒர்க்‌ஷாப்புக்குப் போயிடும். நான் உன்னத் தொரத்திட்டேன்னு பேசுவாங்க. ஊர் வாய மூட உலைமூடி இருக்கா?"

"மொதல்ல அது என்ன தலகாணின்னு கேட்டுட்டு வரேங்க," என்றாள் அம்மா.

மறுநாள் மத்தியானம் என்னையும் அழைத்துக்கொண்டு ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினாள். மடத்தில் நீளமான ஒரு கூடம். ஜன்னல் ஓரமாக இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கு முன்னால் ஒரு மர முக்காலி. அதன்மேல் சின்ன மிருதங்கம் போல உருண்டையாக, நீலத் துணி போட்ட ஒரு உருளை. உருளை நிறைய குண்டூசிகள். ஊசிகளிலிருந்து வெள்ளை நூல்கள் இறங்கி, ஒவ்வொரு நூலின் நுனியிலும் விரல் நீளத்துக்கு ஒரு மரக்கட்டை தொங்கியது. பாபின் என்றார்கள். அந்தப் பெண்கள் கட்டைகளை இப்படியும் அப்படியும் மாற்றிப் போடப் போட, டக் டக்கென்று சத்தம் வந்துகொண்டே இருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். நான் கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

பின்னல் சொல்லித்தரும் சிஸ்டர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். குள்ளமானவர், கண்ணாடி மூக்கு நுனியில் நிற்கும். அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டதும் சிரித்துவிட்டார்.

"இதுதாம்மா தலையணை. இது தலைக்கு இல்ல, வேலைக்கு. இது மேல படத்த வெச்சு, ஊசி குத்தி, ஊசியச் சுத்தி நூலப் பின்னணும். ஊசி நிமிந்து நிக்கணும், கேட்டியளா? பஞ்சு அடச்சா ஊசி படுத்துரும். மரத்துல குத்தினா ஏறாது. வைக்கோலுதான் விட்டும் குடுக்கும், புடிச்சும் வெச்சுக்கிடும்."

அம்மா உருளையைத் தொட்டுப் பார்த்தாள். நானும் விரலை மடக்கித் தட்டினேன். கதவைத் தட்டினது போல் இருந்தது.

"மூணு வாரம் இருக்கு," என்றார் சிஸ்டர். "வகுப்பு தொடங்குற திங்கக்கெழம கொண்டு வாங்க. நான் ஒரு ஊசிய எறக்குவேன். நின்னா அந்த எடம் ஒங்களுக்கு. சாஞ்சா அடுத்த ஆளக் கூப்பிடுவேன். ரெண்டு பேரு காத்துக்கிட்டு இருக்காங்க."

திரும்பி வரும்போது பஸ் காவிரிப் பாலத்தில் போய்க்கொண்டிருந்தது. அம்மா ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்தபடி, "பன்னெண்டு பேர்ல ஒருத்தியா உக்காந்து பாக்கணும் பாப்பா," என்றாள். "வீட்டுல எல்லாத்துக்கும் நான் ஒருத்தியே இருக்கேன்."

எனக்கு அது ஒரு கணக்கு மாதிரிதான் பட்டது. ஆனால் அம்மா தனக்கு ஒன்று வேண்டுமென்று சொல்லி நான் கேட்டது அதுவே முதல் தடவை. ஏனோ பயமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, "கட்டையோ கல்லோ, அது பேரு தலகாணிதானே?" என்றார்.

"பேருதாங்க தலகாணி."

"அப்போ வேற பேரு வைக்கச் சொல்லு."

"அது அவங்க வெச்ச பேரு. நான் போயி மாத்த முடியுமா?"

"மூட்டையாக் கட்டி எடுத்துட்டுப் போயேன்."

"மூட்டையாக் கட்டினா துணிமணியோட போறான்னுல்ல சொல்லுவாங்க? அதுக்கு இது தேவலைங்க."

அப்பாவுக்குப் பதில் வரவில்லை. பதில் வராத ஆண்பிள்ளைகள் அந்தக் காலத்தில் என்ன செய்வார்களோ அதைச் செய்தார். பேச்சை நிறுத்திவிட்டார். எல்லாம் என் வழியாகத்தான். "பாப்பா, உங்கம்மாகிட்ட காபி ஆறிப்போச்சுன்னு சொல்லு." அம்மா இரண்டடி தள்ளித்தான் நிற்பாள். "பாப்பா, உங்கப்பாகிட்ட டம்ளரக் குடுக்கச் சொல்லு, சுட வெக்கிறேன்." எனக்கு இந்த உத்தியோகம் பிடித்திருந்தது. நடுவில் ஒன்றிரண்டு வார்த்தை நானாகச் சேர்த்துக்கொள்வேன். "அம்மா ரொம்ப வருத்தமா சொன்னாங்க," என்று ஒருநாள் சேர்த்தேன். அப்பா டம்ளரை வைத்துவிட்டு வாசல் பக்கம் போய்விட்டார்.

போகக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. அம்மா அதைப் பாதி அனுமதி என்று எடுத்துக்கொண்டாள்.

ஜீயபுரத்தில் அறுவடை முடிந்திருந்தது. அம்மா தன் தம்பிக்குக் கடுதாசி போட்டாள். களத்தில் கையால் அடித்த கட்டிலிருந்து வைக்கோல் வேண்டும், மாடு மிதித்தது வேண்டாம் என்று விவரமாக எழுதினாள். மாடு மிதித்தால் வைக்கோல் நசுங்கித் துவண்டுவிடும். கையால் அடித்ததில்தான் தாள் குழல் குழலாக நிற்கும். மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு சந்துக்குள் வந்தார். வழியெல்லாம், "உங்க அக்கா வீட்டுல மாடு வாங்கியாச்சா?" என்று கேட்டார்களாம். "ஆமா, நீலக் கலர்ல ஒண்ணு," என்று அப்பாவின் நீலச் சட்டையை நினைத்து மாமா சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார். அதற்குள் நிஜமான மாடு ஒன்று பின்னாலேயே வந்துவிட்டது. கோயில் பக்கம் திரிகிற சிவப்பு மாடு. அன்றிலிருந்து ஒரு வாரம் அது எங்கள் வாசலை விட்டு நகரவில்லை. நாங்களும் கொடுக்க முடியாமல், அதை விரட்டவும் மனமில்லாமல், வைக்கோற்போர் நாய் மாதிரி உட்கார்ந்திருந்தோம். கடைசியில் தோகையையும் தூசியையும் கழித்து அதற்குப் போட்டோம்.

வைக்கோல் வாசனை உங்களுக்குத் தெரியும். ஆனால் வீட்டுக்குள் உட்கார்ந்து அதை அரிவாள்மணையில் விரல் நீளத்துக்கு அரிந்திருக்கிறீர்களா? முதல் அரைமணி நேரம் சுகமாக இருக்கும், வெயில் பட்ட வாசனை. அப்புறம் மூக்கு ஒழுகும். அப்புறம் முழங்கையில் ஆரம்பித்துக் கழுத்து வரை அரிக்கும். அம்மா அரிவாள், நான் முறத்தில் போட்டுப் புடைத்து, ஒட்டிக்கொண்டிருக்கும் நெல்மணிகளைப் பொறுக்க வேண்டும். பொறுக்கினேன் என்று சொன்னேன். அவ்வளவுதான் சொல்லமுடியும்.

தலையணைக்கு உறை அப்பாவின் பழைய பேண்ட். துணி அழுத்தமாகவும், வெள்ளை நூல் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருட்டு நிறமாகவும் இருக்க வேண்டும் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். ஒர்க்‌ஷாப் நீலத்தைவிட அதற்கு எது பொருந்தும்? தைக்கவே வேண்டியதில்லை, கால் ஏற்கனவே குழாய்தான். அம்மா வலது காலை ஒரு முழத்துக்கு வெட்டி, ஒரு முனையை வட்டத் துணி வைத்து மூடினாள். அதை ஆட்டம் இல்லாமல் நிற்க உரல் குழிக்குள் நிறுத்தி, கைப்பிடி கைப்பிடியாக வைக்கோலைப் போட்டு, உலக்கையின் பூண் இல்லாத பக்கத்தால் குத்தினாள். ஒரு கை போட்டால் இருபது குத்து. மறுபடி ஒரு கை.

முதல் தடவை வைக்கோல் படியட்டும் என்று தண்ணீர் தெளித்தாள். நன்றாகத்தான் படிந்தது. நாலைந்து நாளில் ஊறல் வாசனை வந்தது. ஒரு காலையில் பார்த்தால் தையல் வழியாகப் பச்சையாக இரண்டு முளை எட்டிப் பார்க்கிறது. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"பொறுக்கினியா?"

"பொறுக்கினேம்மா."

"உங்கப்பா பேண்ட்டுல நாத்து விட்டுட்டியேடி."

அடிக்கவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். எல்லாவற்றையும் உதறி, துணியைத் துவைத்துக் காயவைத்து, புது வைக்கோலை மொட்டைமாடி வெயிலில் இரண்டு நாள் போட்டு, மறுபடி ஆரம்பித்தாள். இந்தத் தடவை தண்ணீர் இல்லை, வெறும் குத்துதான். நெல் பொறுக்கும் வேலையையும் தானே எடுத்துக்கொண்டாள். பத்து நாள் குத்தினாள் என்று நினைக்கிறேன். சமையல் முடித்து, பாத்திரம் தேய்த்து, நான் ஸ்கூலிலிருந்து வரும்போது உலக்கைச் சத்தம் சந்து முனைக்கே கேட்கும். உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம். அப்பா சாப்பிடும்போது பரிமாறுகிற கையைப் பார்ப்பார், இலையைப் பார்ப்பார்.

கடைசி வெள்ளிக்கிழமை வாயைத் தைத்து முடித்தாள். தரையில் வைத்து உருட்டினால் கடகடவென்று ஓடியது. ஒரு குண்டூசியைக் கட்டைவிரலால் அழுத்தி இறக்கினாள். நறுக்கென்று இறங்கி, நட்ட கம்பம் மாதிரி நின்றது. நூலைக் கட்டி இழுத்துப் பார்த்தோம். அசையவில்லை. அம்மா அந்த ஊசியை எடுக்கவே இல்லை, அன்று முழுக்க போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொண்டாள். சனிக்கிழமை மத்தியானம் அரிப்பு தீர வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து எடுத்துக்கொண்டு, நாங்கள் இரண்டு பேரும் கொள்ளிடத்துக்குக் குளிக்கப் போனோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அப்பாவுக்கு லீவு, முற்றத்தில் உட்கார்ந்து சவரம் செய்துகொண்டிருந்தார். அம்மா தலையணையை எடுத்து மடியில் வைத்தாள். முகம் மாறியது. ஊசியை இறக்கினாள். அது பொதுக்கென்று உள்ளே போய், மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது. வேறு இடத்தில் குத்தினாள். அதுவும் சாய்ந்தது.

மறுநாள் திங்கட்கிழமை. தையல் அம்மா போட்ட தையலாகவும் இல்லை. பிரித்தாள். பாதிக்குமேல் வைக்கோலைக் காணோம். வெள்ளை வெளேரென்று இலவம்பஞ்சு பிதுங்கி வந்தது.

"யாரு இப்படிப் பண்ணினது?" என்றாள் அம்மா. என்னைத்தான் முதலில் பார்த்தாள். நான் இல்லையென்று தலையை ஆட்டினேன்.

அத்தை அடுப்படி வாசலில் வந்து நின்றாள். "நான்தாம்மா," என்றாள். "கல்லு மாதிரி இருந்துச்சு. நீ எங்க போயி எப்படிப் படுக்கப் போறியோ. போறவ போறா, கழுத்தாவது வலிக்காம இருக்கட்டும்னுதான்."

"எங்க போறேன் அண்ணி? மத்தியானம் போயிட்டு சாயங்காலம் வரப்போறேன். அதுல யாரும் படுக்கறதில்லன்னு அன்னிக்கே சொன்னேன்ல?"

"சொன்ன. எல்லாரும் அப்படித்தானே ஏதாவது சொல்லிட்டுப் போறது." அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "மூணு வாரமா தம்பி உங்கூடப் பேசல. நீ பாட்டுக்கு ராப்பகலா தலகாணி குத்தற. நான் என்னன்னு நெனைக்கிறது? அவன்தான் உன்ன அனுப்பறான்னு நெனச்சேன்."

நான் உள்ளே ஓடிப்போய்ப் பார்த்தேன். அத்தையின் பாயில் அவளுடைய தலையணை சப்பையாகக் கிடந்தது. வெறும் உறை மாதிரி. அதிலிருந்துதான் எடுத்திருக்கிறாள்.

இத்தனை வருஷத்துக்குப் பிறகும் நான் இதைத்தான் நினைத்துக்கொள்கிறேன். நாத்தனார் என்றால் நாம் எத்தனை கதை பேசுகிறோம். தம்பி பெண்டாட்டி வீட்டை விட்டுப் போகிறாள் என்று நம்பினவள், ஊரைக் கூட்டவில்லை, சண்டை போடவில்லை. தன் தலையணைப் பஞ்சைப் பிடுங்கி அவள் தலையணையில் வைத்திருக்கிறாள். அன்று அது எனக்குப் புரியவில்லை. அம்மாவின் வேலையைக் கெடுத்துவிட்டாளே என்று அவள் காலில் கிள்ளலாமா என்றுதான் நினைத்தேன்.

அப்பா பாதி முகத்தில் சோப்பு நுரையோடு எழுந்து நின்றார். "நான் அவள அனுப்பறேனா? அக்கா, யாருகிட்டயாவது இப்படிச் சொன்னீங்களா?"

"பூக்காரம்மாகிட்ட மட்டும் சொன்னேன்."

பூக்காரம்மாவிடம் சொன்னால் வடக்கு வாசலில் இருந்து தெற்கே காவிரிக்கரை அம்மாமண்டபம் வரை சொன்ன மாதிரி. எனக்கு இப்போது தோன்றுகிறது, அப்பா ஊருக்குப் பயந்ததாக நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அது மட்டும் இல்லை. பேச்சை நிறுத்தினவருக்கு அதைத் திரும்ப ஆரம்பிக்கத் தெரியவில்லை. அம்மா உண்மையிலேயே போய்விடுவாளோ என்று அவருக்கும் உள்ளூர ஒரு பயம் இருந்திருக்கிறது. பயந்தவர்கள் எல்லாம் முகத்தை உர்ரென்று வைத்துக்கொள்கிற வீடு எங்கள் வீடு.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். கீழே கிடந்த நீலத் துணியை எடுத்துப் புரட்டினார்.

"இது என் காலாச்சே."

"பழசுதாங்க," என்றாள் அம்மா. மூன்று வாரத்தில் நேராகப் பேசினது அதுதான்.

"வைக்கோல் மிச்சம் இருக்கா?"

எடுத்த வைக்கோலை அத்தை மாட்டுக்குப் போட்டுவிட்டிருந்தாள். மாடியில் ஒரு சாக்கு இருந்தது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். ஒர்க்‌ஷாப்பில் சம்மட்டி பிடித்த கை. உலக்கையை ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டு, அம்மா காட்டியபடி குத்த ஆரம்பித்தார். அம்மா அரிந்து போட்டாள். நான் நெல் பொறுக்கினேன். இந்தத் தடவை நிஜமாகவே பொறுக்கினேன். அத்தை முறத்தைப் பிடித்துப் புடைத்தாள். புடைத்துக்கொண்டே, "இன்னும் கொஞ்சம் போடு தம்பி, இந்த ஓரத்துல அமுங்குது பாரு," என்று மேஸ்திரி வேலையும் பார்த்தாள். சாப்பாட்டுக்கு ஒரு ரசமும் சுட்ட அப்பளமும்தான். சாயங்காலம் விளக்கேற்றுவதற்குள் அம்மா வாயைத் தைத்தாள். அப்பாவே ஊசியை இறக்கினார். ஊசி நின்றது. ஆனால் முன்னால் செய்தது பத்து நாள் குத்தியது. இது ஒரு பகல் குத்து. உருட்டினால் ஒரு இடத்தில் லேசாக மேடு தட்டியது. சிஸ்டர் விரலுக்கு அது தெரியாதா என்ன? அம்மா அந்த மேட்டைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

திங்கட்கிழமை அப்பா அரைநாள் லீவு போட்டார், எனக்கும் சேர்த்து. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தலையணையைத் தூக்கித் தோளில் வைத்தார்.

"நான் கொண்டு வரேங்க," என்றாள் அம்மா.

"நீ சும்மா வா. யாரு என்ன சொல்றாங்கன்னு பாப்போம்."

அவர் முன்னால், அம்மா பின்னால், நான் நடுவில். சந்தே வாசலுக்கு வந்துவிட்டது. பூக்காரம்மா தொடுத்துக்கொண்டிருந்த சரத்தை மடியில் போட்டுவிட்டுப் பார்த்தார். பெண்பிள்ளை தலையணையோடு போனால் என்ன அர்த்தமென்று அவர்களுக்குத் தெரியும். ஆண்பிள்ளையே தலையணையைத் தூக்கிக்கொண்டு, பெண்டாட்டி பிள்ளையோடு போனால் என்ன அர்த்தம்? பிறந்த வீட்டில் கொண்டுபோய் விடப் போகிறான் என்று ஒருவர் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. அப்பாவின் காதிலும் விழுந்திருக்கும். காது மடல் சிவந்துவிட்டது. ஆனால் தலையணையை இறக்கவில்லை. பஸ்ஸிலும் மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

மடத்துக்குள் ஆண்கள் போகக்கூடாது. நானும் அப்பாவும் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றோம். அம்மா தலையணையை இடுப்பில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு உள்ளே போனாள். ரொம்ப நேரம் ஆயிற்று. அப்பா இரண்டு தடவை எனக்குக் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்தார். சாதாரணமாக ஒன்றுக்கே யோசிப்பார். கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா வெளியே வந்தாள். கையில் ஒன்றும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு, கண்ணைத் துடைத்தபடி வந்தாள்.

அப்பா இரண்டே எட்டில் அவளிடம் போய்விட்டார். "போகட்டும், விடு," என்றார். "தூக்கிப் போட்டுட்டாங்களா? பரவால்ல. ஒருநாள் குத்துல எப்படி நிக்கும்? நாம இன்னொண்ணு செய்வோம். பத்து நாள் நானே குத்தறேன். எனக்கு இன்னொரு கால் இருக்குல்ல?"

அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டது. "அது இனிமே அங்கதாங்க இருக்கும்," என்றாள். "ஜன்னல் பக்கத்துல எடம். ஊசி நிமிந்து நின்னுச்சு. அந்த மேட்டத் தடவிப் பாத்துட்டு, இது யாரு குத்தினதுன்னு கேட்டாங்க. வீட்டுக்காரர்னு சொன்னேன். அந்த மேடு அப்படியே இருக்கட்டும்னாங்க."

அப்பா கைக்குட்டையை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். வெயில் அதிகம் என்றார். தை மாசத்து வெயில், அதுவும் மரத்து நிழலில்.

நாங்கள் ஊர் திரும்பும்போது நாலு மணி இருக்கும். சந்து முனையில் திரும்பினோம். போகும்போது பார்த்தவர்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். தலையணை இல்லை, ஆனால் அம்மா இருக்கிறாள்; அப்பா பக்கத்தில் நடந்து வருகிறார், சிரித்த முகமாக வேறு. பூக்காரம்மாவால் தாங்க முடியவில்லை. எழுந்து வந்து, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

"என்னங்க தம்பி, சேந்தாச்சா?"

அப்பா அம்மாவைப் பார்த்தார்.

"சேந்தாச்சும்மா," என்றார்.

பூக்காரம்மா, "எம்மா ரங்கநாயகி," என்று கோயில் பக்கம் கும்பிட்டுவிட்டு, இரண்டு முழம் மல்லிகையை அம்மா தலையில் வைத்துவிட்டார். இரண்டு பேர் இரண்டு விதமாகப் பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. திருத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அப்பா என் தோளை அழுத்தினார். அம்மா தெரு என்றும் பார்க்காமல், தலையில் பூவோடு, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.